கழுத்தில் எழுதிய தவணை

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் காலை நமது இல்லத்துக்குச் சமையல் வாயுச் சிலிண்டர் ஒன்று வந்து சேர்ந்தது. கொண்டுவந்தவர் தோளிலிருந்து அதை இறக்கி, அடுக்களை வாயில் வரையில் உருட்டிச் சென்று நிறுத்திவிட்டுச் சீட்டை நீட்டினார். வக்கீல் தொழிலில் பழகியவர்களுக்கு ஒரு தோஷம் உண்டு. எந்தப் பத்திரம் கைக்கு வந்தாலும் வாசகத்தைப் படிக்குமுன் தேதியைத் தேடுவார்கள். அந்தப் பழக்கத்தினால் நாமும் குனிந்து, சிலிண்டரின் தலை வளையத்தைத் தாங்கி நிற்கும் மூன்று இரும்புப் பட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஒன்றின் உட்புறத்தில் ஓர் ஆங்கில எழுத்தும் இரண்டு இலக்கங்களும் காணப்பட்டன: ‘பி-25’.

“இது என்னப்பா?” என்று கேட்டோம்.

“அது கம்பெனி நம்பருங்க ஐயா. எல்லாத்துலயும் இருக்கும்” என்றார் அவர்.

எல்லாவற்றிலும் இருக்கும் என்று அவர் சொன்னது வாஸ்தவம். கம்பெனி நம்பர் என்றதுதான் பிசகு. அது ஒரு தவணை. ‘ஏ’ என்றால் ஜனவரி முதல் மார்ச்சு வரையில். ‘பி’ என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரையில். ‘சி’ ஜூலை முதல் செப்டம்பர். ‘டி’ அக்டோபர் முதல் டிசம்பர். பக்கத்திலுள்ள இலக்கம் வருஷத்தைக் குறிப்பது. அந்தக் காலாண்டு முடிவதற்குள் இச்சிலிண்டரை மறுபடியும் வலிமைச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். தவணை தீர்ந்த பின் சோதியாமல் அதில் வாயு நிரப்பலாகாது என்பதே அதன் தாற்பரியம். நமது வீட்டுக்கு வந்தது 2025-ம் வருஷம் ஜூன் மாதக் கடைசியோடு தவணை தீர்ந்த சிலிண்டர். அதற்குப் பிறகு நாலு மாதம் கழிந்திருக்கிறது. ஜூனுக்கு முன்பே நிரப்பப்பட்டுக் கிடங்கில் கிடந்திருக்கலாமே என்று எதிர்க்கட்சி வக்கீல் வாதிக்கக்கூடும். பதிவு செய்த பின் சிலிண்டருக்காக வாரக்கணக்கில் காத்திருந்த அனுபவமுள்ள நமது நேயர்கள், நிரம்பிய சிலிண்டர் நாலு மாதம் கிடங்கில் உறங்கியது என்பதை எவ்வளவு தூரம் நம்புவார்கள் என்பதை அவர்களுக்கே விட்டுவிடுகிறோம்.

சிலிண்டரைத் திருப்பி எடுத்துப் போகச் சொன்னோம். அவர் முகம் வாடிற்று. முப்பது கிலோ எடையை மறுபடியும் தோளில் ஏற்றிப் படியிறங்க வேண்டியவர் அவர்தானே! அவர்மேல் நமக்கு எவ்வித மனத்தாங்கலும் இல்லை. அந்த எழுத்தின் பொருளை அவருக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நமது தெருவில் விசாரித்ததில், சொல்லிக் கொடுக்கப்பட்டவர் வேறு எவரும் இருப்பதாகவும் தெரியவில்லை. ஆகவேதான் இவ்விஷயத்தை இன்று எழுதத் துணிந்தோம்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். பட்டாசுக்கும் பாறை பிளக்கும் மருந்துக்கும் ஏற்பட்டது 1884-ம் வருஷத்து வெடிபொருள் சட்டம். ஆறு வருஷத்துக்கு முன் ஆயுதச் சட்டத்தைக் கொண்டுவந்து இந்நாட்டாரை நிராயுதபாணிகளாக்கிய அதே ஆட்சிதான் இதையும் இயற்றிற்று. அதை எழுதியவர்களின் மனத்தில் நமது பெண்மக்களின் அடுக்களை இருந்திருக்க நியாயமில்லை. ஆனால் அச்சட்டத்தின் 17-ம் பிரிவு, அபாயகரமான வேறெந்தப் பொருளையும் வெடிபொருளென்று அறிவிக்கச் சர்க்காருக்கு அதிகாரம் தந்தது. அந்த அதிகாரத்தைக்கொண்டு 1938-ல், உலோகக் கலத்தில் அழுத்தியோ திரவமாக்கியோ அடைக்கப்பட்ட எந்த வாயுவும் வெடிபொருளாகவே பாவிக்கப்படும் என்று அறிவித்தார்கள். 1940-ல் வாயுச் சிலிண்டர் விதிகள் பிறந்தன. அவ்விதிகள் 1981-லும், 2004-லும், 2016-லும் புதுப்பித்து எழுதப்பட்டன. அவற்றை ஈன்ற தாய்ச் சட்டம் மட்டும் சுதந்திரம் வந்து எழுபத்தைந்து வருஷம் கடந்த பின்னும் 1884-ம் வருஷத்தியதாகவே நின்றது. அதற்குப் பதிலாக ஒரு புது மசோதாவின் நகல் 2024-ல்தான் பொதுஜன அபிப்பிராயத்துக்கு வெளியிடப்பட்டது. ஆக, சட்டத்தின் கண்ணில் சிவகாசிப் பட்டாசும் நமது அடுப்பங்கரைச் சிலிண்டரும் ஒரே இனம். இரண்டுக்கும் மேலதிகாரி நாகபுரியில் அலுவலகம் கொண்டுள்ள தலைமை வெடிபொருள் கட்டுப்பாட்டாளரே.

இதைக் கேட்டுச் சிலர் நகைக்கலாம். நகைப்பதற்கு இடமில்லை. சமையல் வாயு என்பது புரொப்பேன், பியூட்டேன் என்னும் இரு வாயுக்களின் கலவை. சாதாரண உஷ்ணத்தில் வாயுவாகப் பரவி நிற்க வேண்டிய அதை அழுத்தித் திரவமாக்கி அடைத்திருக்கிறார்கள். வெளியே விட்டால் அத்திரவம் ஏறத்தாழ இருநூற்றைம்பது மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். நூறு பங்கு காற்றில் இரண்டு பங்கு கலந்தாலே போதும், பற்றிக்கொள்ளும். காற்றைவிடக் கனமானபடியால் ஜன்னல் வழியே மேலேறிப் போகாமல் தரையோடு தரையாகப் படியும். இத்தனையையும் நமக்கும் அதற்கும் நடுவில் தடுத்து நிறுத்துவது ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள எஃகுத் தகடு ஒன்றே.

அத்தகடு சிலிண்டராகும் விதத்தை ஒரு முறை பார்த்தவர்களுக்கு, சோதனை ஏன் அவசியமென்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. வட்டமாக வெட்டிய எஃகுத் தகட்டைப் பெரிய அழுத்த யந்திரத்தில் வைத்து ஆழமான கிண்ணம்போல இழுக்கிறார்கள். அவ்வாறு இரண்டு கிண்ணங்கள். மேற்கிண்ணத்தின் உச்சியில் துளையிட்டு வால்வு பொருத்தும் கழுத்தைப் பற்றவைக்கிறார்கள். பிறகு இரண்டையும் வாயோடு வாய் சேர்த்து இடுப்பைச் சுற்றிப் பற்றவைக்கிறார்கள். பட்டறைகளில் வெல்டிங் என்று சொல்லப்படும் இந்தப் பற்றவைப்புத்தான் சிலிண்டரின் உயிர்நிலை. அடிவளையமும் தலை வளையமும் இதன் பின்னர் வருவன. உருக்கி ஒட்டிய இடத்தில் எஃகு ஒரு சுபாவமும், அதையடுத்துச் சூடேறிய இடத்தில் வேறு சுபாவமும், தூர உள்ள இடத்தில் பழைய சுபாவமுமாக மாறிப்போகிறது. ஆதலால் உலையிலிட்டுக் காய்ச்சி அந்த உள்முறுக்கைத் தணித்த பிறகே அடுத்த வேலை.

இடுப்பைச் சுற்றி ஒட்டுவதில் ஒரு சூக்ஷ்மம் உண்டு. உருளை வடிவான கலத்தினுள் அழுத்தம் ஏறும்போது, அதை நீளவாட்டில் பிளக்கப் பார்க்கும் சக்தி, குறுக்கே இரண்டு துண்டாக்கப் பார்க்கும் சக்தியைப்போல இரு மடங்கு. ஆகவே பலம் பாதியாக விழும் இடத்தில் ஒட்டைப் போட்டு, முழுப் பளுவும் விழும் இடத்தை ஒட்டில்லாத தகட்டுக்கே விட்டிருக்கிறார்கள். மூன்று துண்டுகளால் ஆன பெரிய சிலிண்டர்களில் நடுத்துண்டுக்கு நீளவாட்டிலும் ஓர் ஒட்டு உண்டு.

இனிச் சோதனைக்கு வருவோம். வெயிலில் நிற்கும் லாரியில் சிலிண்டர் மிகவும் சூடேறினால் என்னவாகும் என்று கணக்கிட்டவர்கள், 65 டிகிரி செல்சியசு உஷ்ணத்தில் இவ்வாயுவின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 16.87 கிலோகிராமுக்கு மேற்படலாகாது என்று இந்தியத் தர நிர்ணயத்தில் வரம்பு கட்டினார்கள். அதற்கு ஒன்றரை மடங்கு, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோவுக்குச் சற்று மேற்பட்ட அழுத்தத்தை ஒவ்வொரு சிலிண்டரும் தாங்கிக் காட்ட வேண்டும். இந்த இலக்கம் காகிதத்தில் அற்பமாகத் தோன்றும். சிலிண்டரின் உள்விட்டம் ஏறக்குறைய 31 சென்டிமீட்டர். நேயர்கள் தாங்களே பெருக்கிப் பார்க்கலாம்: சோதனை வேளையில் மேற்கிண்ணத்தைக் கீழ்க்கிண்ணத்திலிருந்து பிய்த்தெறிய முயலும் பளு 19 டன்னுக்கு அருகில் வருகிறது. நாலைந்து யானைகளின் எடையை விரற்கடை அகலமுள்ள ஒரு வளைய ஒட்டு தாங்கி நிற்க வேண்டும். கசியக்கூடாது, வியர்க்கக்கூடாது, உப்பக்கூடாது. முப்பது விநாடியேனும் அப்படி நிறுத்திப் பார்ப்பார்கள்.

இந்த அழுத்தத்தைக் காற்றைக்கொண்டு ஏற்றாமல் நீரைக்கொண்டு ஏற்றுவது ஏன் என்று நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. காற்றை அமுக்கினால் அது வில்லைப்போல் வளைந்து சக்தியைச் சேமித்து வைத்துக்கொள்ளும். கலம் பிளந்தால் அவ்வளவும் ஒரே கணத்தில் பாயும். நீரோ சுருங்க மறுப்பது. 33 லிட்டர் நீர் இந்தச் சோதனை அழுத்தத்தில் சுருங்குவது கால் ஆழாக்குக்கும் குறைவு. ஆதலால் ஒட்டு விட்டுப்போனாலும் ஒரு பீச்சலோடு அழுத்தம் இறங்கிவிடும். அருகில் நிற்கும் தொழிலாளி நனைவதோடு தப்புவார். வலிமையை நீரால் சோதித்து முடித்த பிறகே, அதைவிடக் குறைந்த அழுத்தத்தில் காற்றை ஏற்றிக் கசிவுண்டா என்று பார்க்கிறார்கள். இந்த வரிசையை மாற்றலாகாது.

எல்லாச் சிலிண்டர்களையும் இப்படிச் சோதிப்பதோடு, ஒவ்வொரு தொகுதியிலும் சிலவற்றைப் பலியிடவும் விதியுண்டு. சிலவற்றை அறுத்துத் துண்டுகளை இழுத்தும் வளைத்தும் பார்க்கிறார்கள். சிலவற்றை நீரழுத்தத்தால் வெடிக்கவே செய்கிறார்கள். எவ்வளவு அழுத்தத்தில் வெடித்தது என்பதைவிட எப்படி வெடித்தது என்பதே அங்கே முக்கியம். நல்ல எஃகு முதலில் வயிறு பருத்து, பிறகு வாய் பிளந்து கிழியும், கண்ணாடிபோலச் சிதறாது. சிதறிய தொகுதி நிராகரிக்கத் தக்கது.

அமெரிக்கா இவ்விஷயத்தில் நெடுங்கால அனுபவமுள்ள தேசம். அபாயப் பொருள்களை ரயிலில் ஏற்றுவதைப் பற்றி 1908-லேயே அங்கே சட்டம் ஏற்பட்டது. மாநிலங்களிடை வாணிபக் கமிஷன் வசம் இருந்த அந்த அதிகாரம் 1967-ல் போக்குவரத்து இலாகாவின் கைக்கு மாறியது. வீட்டுக்குப் புரொப்பேன் அடைக்கும் பற்றவைத்த சிலிண்டர்களை அங்கே அவற்றின் சேவை அழுத்தத்துக்கு இரு மடங்கில் சோதிக்கிறார்கள். இருநூறு அல்லது அதற்குக் குறைந்த ஒரு தொகுதியில் ஒன்றையேனும் நீர் நிறைந்த மற்றொரு கலத்தினுள் அமிழ்த்தி வைத்து அழுத்தம் ஏற்றுவார்கள். சிலிண்டர் எவ்வளவு உப்புகிறதோ அவ்வளவு நீர் வெளிக்கலத்திலிருந்து அளவுக் குழாயில் ஏறும். அழுத்தத்தை இறக்கியதும் அந்நீர் திரும்ப இறங்க வேண்டும். இறங்காமல் நின்ற பாகம், எஃகு தன் பழைய வடிவுக்குத் திரும்பவில்லை என்பதற்குச் சாக்ஷி. மொத்த உப்பலில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் அவ்விதம் நிலைத்துவிட்டால் அது தள்ளுபடி. மற்றொன்றைக் கத்திமுனை போன்ற இரண்டு ஆப்புகளுக்கு நடுவில் வைத்து நசுக்கி, விரிசல் காண்கிறதா என்று பார்ப்பதும் உண்டு.

இந்த விதிகளை அவர்கள் தொழிற்சாலைச் சட்டத்தில் வைக்காமல் போக்குவரத்துச் சட்டத்தில் வைத்திருப்பதில் ஓர் ஆழ்ந்த நியாயம் இருப்பதாக நாம் கருதுகிறோம். கொதிகலம் ஒரே இடத்தில் நிற்பது. அதற்கென்று ஓர் என்ஜினீயர் உண்டு. அதன் குணாகுணம் அவருக்குத் தெரியும். சிலிண்டரோ வாழ்நாள் முழுவதும் யாத்திரை செய்வது. நிரப்பும் ஆலை, லாரி, கிடங்கு, மூன்று சக்கர வண்டி, மாடிப்படி, பிறகு ஒரு வீடு, மறுபடியும் லாரி. இன்று திருவல்லிக்கேணியில் இருப்பது அடுத்த மாதம் தாம்பரத்தில் இருக்கும். தன்னுடையதென்று அதைப் பாதுகாப்பவர் ஒருவருமில்லை. எவர் எங்கே எத்தனை முறை கீழே போட்டார், எந்த மழையில் அடிவளையம் நனைந்து துருவேறிற்று என்பதை அடுத்து அதைப் பெறும் குடும்பம் அறிய மார்க்கமில்லை. இப்படிப்பட்ட நாடோடிப் பொருளுக்குத் தன் சரித்திரத்தைத் தன் உடம்பிலேயே எழுதிக்கொண்டு திரிவதைத் தவிர வேறு வழி இல்லை. கழுத்துப் பட்டையில் உள்ள எழுத்து அதற்காகவே ஏற்பட்டது.

நமது நாட்டு விதிப்படி, புதுச் சிலிண்டருக்கு முதல் மறுசோதனை பத்து வருஷத்தில். பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை. தவணை வந்ததை நிரப்பும் ஆலையில் வரிசையிலிருந்து விலக்கி, உள்ளும் புறமும் பார்த்து, நிறுத்து, நீர்ச் சோதனை செய்ய வேண்டும். துருவினாலோ தேய்வினாலோ வெற்றெடையில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் குறைந்திருந்தால் அது கழிக்கத் தக்கது. கழித்ததைப் பழைய இரும்புக் கடைக்கு அப்படியே விற்கலாகாது. முழுவதும் தட்டையாக நசுக்க வேண்டும். அல்லது மறுபடியும் சேர்த்துப் பற்றவைத்துச் சிலிண்டராக்க முடியாதபடி துண்டாட வேண்டும் என்று விதி கூறுகிறது. இந்த வாசகத்தை முதன்முறை படித்தபோது நமக்கு ஒரு திருப்தி உண்டாயிற்று. இதை எழுதியவர் நமது நாட்டுப் பட்டறைகளை நன்றாக அறிந்தவர். கழித்துக்கட்டியதற்கு வர்ணம் பூசிப் பிழைக்க வைக்கும் கைகள் எங்கெங்கே உண்டு என்பதை யோசித்தே எழுதியிருக்கிறார்.

இவ்வளவு பெரிய ஏற்பாட்டில் ஒரு கண்ணி தளர்ந்தால் என்னவாகும் என்பதற்கு ஸ்பெயின் தேசத்தில் நடந்ததைச் சொல்லலாம். 1978-ம் வருஷம் ஜூலை 11-ந் தேதி, கடற்கரையோரச் சாலையில் புரொப்பிலீன் ஏற்றிச் சென்ற டாங்கர் லாரி ஒன்று லாஸ் அல்பாக்கெஸ் என்னும் உல்லாச முகாமின் அருகில் பிளந்தது. கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்து தங்கியிருந்தவர்களில் இருநூறு பேருக்கு மேற்பட்டவர் மாண்டனர். விசாரித்ததில், 19 டன்னுக்குச் சற்று மேல் ஏற்ற வேண்டிய டாங்கியில் 23 டன்னுக்கு மேல் ஏற்றியிருந்தது வெளிப்பட்டது. உபரி அழுத்தத்தை வெளிவிடும் வால்வு அதில் இல்லை. முன்பு அதே டாங்கியில் அமோனியா ஏற்றியதனால் எஃகும் பலவீனம் அடைந்திருக்கலாம் என்று ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். வலிமைச் சோதனை என்பது சோதித்த நாளின் வலிமைக்கு மட்டுமே ஜாமீன். பிறகு அதற்குள் எதை அடைத்தார்கள், எவ்வளவு அடைத்தார்கள், எஃகு எவ்வளவு நைந்தது என்பவற்றுக்கு அந்த ஜாமீன் செல்லாது. மறுசோதனைக்குத் தவணை வைத்திருப்பது இதனாலேதான். நமது வீட்டுச் சிலிண்டர் 33.3 லிட்டர் கொள்வது, அதில் 14.2 கிலோவுக்கு மேல் அடைக்காததும் இதனாலேதான். அவ்வளவு வாயு திரவமாக ஏறக்குறைய 26 லிட்டர் இடத்தைப் பிடிக்கும். மீதி ஏழு லிட்டர் காலியிடம், வெயிலில் திரவம் விரிவதற்காக விட்டு வைத்தது. கம்பெனி நம்மை ஏமாற்றி மிச்சம் பிடித்ததென்று எவரும் எண்ண வேண்டாம்.

நமது கட்சிக்குப் பாதகமான ஒரு விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். பத்திரிகைகளில் ‘சிலிண்டர் வெடித்தது’ என்று தலைப்பிடும் விபத்துகளில் பெரும்பாலானவற்றில் சிலிண்டர் வெடிப்பதில்லை. ரப்பர்க் குழாய் வெடிப்பு விட்டோ, வால்வின் உள்வளையம் நைந்தோ, ரெகுலேட்டர் சரியாக உட்காராமலோ வாயு கசிந்து அறையில் தேங்கி, யாரோ ஒருவர் விளக்கைப் போட்டவுடன் பற்றிக்கொள்கிறது. சுவர் இடிந்து கிடக்கும் நடுவில் சிலிண்டர் முழுசாக நிற்பதை நெருப்பணைக்கும் படையினர் எத்தனையோ முறை கண்டிருக்கிறார்கள். அப்படியானால் வலிமைச் சோதனையைப் பற்றி இவ்வளவு ஆர்ப்பாட்டம் ஏன் என்று கேட்கலாம். சிலிண்டர் முழுசாக நிற்பதே அந்தச் சோதனையின் பலன் அன்றோ? அணை உடையவில்லை என்பதற்காக அணையைக் காப்பவனுக்குச் சம்பளத்தை நிறுத்துவார் உண்டா?

பம்பாயில் பர்மா ஷெல் கம்பெனியார் 1955-ல் இவ்வாயுவை விற்கத் தொடங்கியபோது அது சீமான்களின் வீட்டுச் சரக்கு. 1965-ல் இந்தியன் ஆயில் தன் இண்டேன் சிலிண்டரை வீடுகளுக்கு வழங்க ஆரம்பித்தது. 2016 மே மாதம் முதல் தேதி பலியாவில் உஜ்வலா திட்டம் தொடங்கிய பின், விறகும் வறட்டியும் எரித்துக் கண் கெட்ட ஏழை ஸ்திரீகளின் குடிசைகளுக்கும் அது சென்றது. மிகவும் நல்ல காரியம். அதைக் குறை கூறுவார் யாருமிலர். இப்பொழுது தேசத்தில் முப்பது கோடிக்கு மேற்பட்ட இணைப்புகள் உள்ளன. பலருக்கு இரண்டு சிலிண்டர். ஒருவருக்கொருவர் மாற்றி மாற்றி இவற்றைப் பயன்படுத்தும் இந்த ஜனசமுத்திரத்தில், தவணை எழுதியிருப்பதோ ஆங்கில எழுத்தில். அதுவும் ஒரு குறியீட்டில். அதுவும் பட்டையின் உட்புறத்தில். எத்தனையோ வேளை வர்ணத்துக்கும் துருவுக்கும் அடியில். ‘பி-25’ என்பதை 2025 ஜூன் என்று கண்டுபிடிக்க வேண்டியவர் தென்காசிப் பக்கத்தில் பீடி சுற்றி ஜீவனம் செய்யும் ஒரு தாய்.

சட்டம் படித்தவர்களுக்கு 1932-ல் இங்கிலாந்துப் பிரபுக்கள் சபையில் தீர்ந்த டானக்யூ வழக்கு நினைவிருக்கும். ஒளி புகாத புட்டியில் வந்த இஞ்சிப் பானத்தில் செத்த நத்தை இருந்தது என்று ஒரு ஸ்திரீ தொடுத்த வழக்கு. வாங்குபவர் இடையில் திறந்து ஆராய வழியில்லாதபடி பொருளை மூடி அனுப்புகிறவன், அவர் விஷயத்தில் ஜாக்கிரதையாயிருக்கக் கடமைப்பட்டவன் என்று அங்கே நிலைநாட்டினார்கள். நமது உச்ச நீதிமன்றம் அதற்கும் ஒரு படி மேலே சென்றது. டில்லியில் 1985 டிசம்பரில் ஓலியம் வாயு கசிந்த விஷயமாக எம். சி. மேத்தா தொடுத்த வழக்கில், அபாயகரமான தொழிலை நடத்துவோர் அதனால் விளையும் தீங்குக்குப் பூரணப் பொறுப்பாளிகள், ஜாக்கிரதையாகவே இருந்தோம் என்ற சமாதானம் செல்லாது என்று தீர்ப்புக் கூறியது. நத்தைப் புட்டியை உடைத்தாவது பார்க்கலாம்; சிலிண்டரின் உள்ளே இருக்கும் துருவை யார் பார்ப்பது? இத்தனை பலமான சட்டம் நமக்கு இருந்தும், வழக்குக்கு வருவது எப்பொழுது? ஒரு வீடு எரிந்த பின்பு. நாம் வேண்டுவது எரிவதற்கு முன்பு படிக்கக்கூடிய ஒரு தேதி.

ஆகவே கம்பெனிகளுக்கும் சர்க்காருக்கும் நமது கோரிக்கை மிகச் சிறியது. மறுசோதனைத் தவணையை மாதமும் வருஷமுமாக, அந்தந்த ராஜ்யத்தின் பாஷையில், சிலிண்டரின் வெளிவயிற்றில் கண்ணுக்குத் தெரியும்படி எழுதுங்கள். தமிழ்நாட்டில் சுற்றும் சிலிண்டரில் ‘மறுசோதனை: ஜூன் 2025’ என்று தமிழில் எழுத எத்தனை மை செலவாகும்? சிலிண்டர் ராஜ்யம் விட்டு ராஜ்யம் போவதாயிற்றே என்று ஆக்ஷேபிப்பார்கள். போனால் அங்குள்ள ஆலையில் வர்ணம் பூசும்போது அந்தப் பாஷையில் எழுதட்டும். இலக்கங்கள் எங்கும் ஒன்றே. வாங்கும் சீட்டில் சிலிண்டரின் வரிசை எண்ணும் அதன் தவணையும் அச்சாகட்டும். எடையைத் தராசில் நிறுத்துக் காட்டவும் கசிவைப் பார்த்துக் கொடுக்கவும் கொண்டுவரும் சிப்பந்திக்கு உத்தரவு உண்டு; தவணையை வாய்விட்டுப் படித்துக் காட்டவும் உத்தரவு இருக்கட்டும். ஆனால் தவணை தீர்ந்ததைத் திருப்பி எடுத்துப் போக நேர்ந்தால் அந்த நடைக்குக் கூலி ஏஜென்ஸி கொடுக்க வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால், உண்மையைச் சொல்லும் சிப்பந்தி தன் தோளை நொந்துகொள்ள வேண்டியதாகும். பிறகு எவர் சொல்வார்?

தண்டனை விஷயத்திலும் ஒரு வார்த்தை. 1978-ம் வருஷத்துத் திருத்தம், விதியை மீறி வெடிபொருளை வைத்திருப்பவருக்கும் விற்பவருக்கும் ஏற்றிச் செல்பவருக்கும் உச்ச அபராதம் 3,000 ரூபாய் என்று வைத்தது. இக்காலத்தில் அது சில சிலிண்டர்களின் விலை. புதிய மசோதாவைப் பரிசீலிப்போர் அபராதத்தை உயர்த்துவதோடு நின்றுவிடக்கூடாது. எந்த ஆலையில் எத்தனை சிலிண்டர் சோதிக்கப்பட்டன, எத்தனை கழிக்கப்பட்டன என்ற கணக்கை வருஷந்தோறும் ஜனங்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்பதையும் சட்டத்திலேயே சேர்க்க வேண்டும். மூடிவைத்த கணக்கினால் யாருக்கு என்ன லாபம்?

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று தெருவோரத்தில் இருக்கிறது. பாத்திரக் கடைகளிலும் சந்துகளிலும் விற்கும் சின்னச் சிலிண்டர்களைப் பற்றியே சொல்கிறோம். கம்பெனிகளே முறைப்படி விற்கும் ஐந்து கிலோச் சிலிண்டர்கள் வேறு. அவற்றில் பட்டையும் உண்டு, தவணையும் உண்டு. நாம் குறிப்பிடுவது யார் செய்தார், எந்தத் தகட்டில் செய்தார், யார் சோதித்தார் என்ற ஒரு குறியும் இல்லாத கலங்களை. வீட்டுச் சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்த்து ஒரு குழாயின் மூலம் இவற்றில் வாயுவைப் பெயர்க்கிறார்கள். எத்தனை லிட்டர் காலியிடம் விட வேண்டும் என்பதைப் பெயர்ப்பவர் கையின் கனத்தால் தீர்மானிக்கிறார். விதி இதைத் தடுக்கிறது. ஆயினும் தள்ளுவண்டிக்காரரும், அறை எடுத்துத் தங்கும் மாணவரும், ஊர் விட்டு ஊர் வந்த கூலிக்காரரும் வாங்குகிறார்கள். விலாசச் சான்று இல்லாதவனுக்கு நல்ல சிலிண்டர் எளிதில் கிடைக்காமலிருக்கும் வரையில் கெட்ட சிலிண்டர் விற்றுக்கொண்டேயிருக்கும். போலீஸார் ஒரு நாள் வந்து பத்துக் கலங்களை எடுத்துச் செல்வதால் இது தீராது.

நமது வீட்டுக்கு மறுநாளே வேறு சிலிண்டர் வந்தது. அதே மனிதர்தாம். இறக்கியவுடன் பட்டையைத் துடைத்து, “டி-29 ஐயா, பாத்துக்கோங்க. எதிர்வீட்டு அம்மாவுக்கும் சொல்லிட்டுத்தான் வந்தேன்” என்றார். அவருக்கு நன்றி சொன்னோம். திருப்பி அனுப்பிய சிலிண்டரின் வரிசை எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, அது சோதனைக்குச் சென்றதா, சென்றிருந்தால் தேறியதா கழிக்கப்பட்டதா என்று கேட்டு ஏஜென்ஸிக்கு எழுதினோம். இதை எழுதும் வரையில் பதில் கிடைக்கவில்லை.